எம்.பி. பெயருக்கு எதிரே மசோதா பூஜ்யம் என்று ஒரு படம் சுற்றுகிறதே, அதை எப்படிப் படிப்பது?

மண்டபம்முகாம்:
இந்த வாரம் எங்கள் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடலோரத் தொகுதி எம்.பி.க்களின் பெயர், வருகை, கேட்ட கேள்வி, பேசிய விவாதம், கடைசிக் கட்டத்தில் "தனிநபர் மசோதா". அந்தக் கட்டத்தில் பலருக்குப் பூஜ்யம். யாரோ சிவப்பில் வட்டம் போட்டு "இதுக்குத்தான் ஓட்டுப் போட்டோமா" என்று எழுதி அனுப்ப, எங்கள் தெருவில் டீக்கடை வரைக்கும் அதே பேச்சு. எண்கள் எம்.பி.க்களின் நாடாளுமன்றப் பணியைத் தொகுக்கும் பி.ஆர்.எஸ். ஆய்வு நிறுவனத்தின் தளத்திலிருந்து எடுத்தவை போலத் தெரிகிறது, அதில் சந்தேகம் இல்லை. என் கேள்வி வேறு. இந்தக் கடைசிக் கட்டம் எதைச் சொல்கிறது? பூஜ்யம் என்றால் வேலை செய்யவில்லை என்று அர்த்தமா, இருபது என்றால் கிழித்துவிட்டார் என்று அர்த்தமா? எந்த எம்.பி., எந்தக் கட்சி என்று இங்கே போட வேண்டாம், போட்டால் பத்தாவது பதிவிலேயே இழை சண்டையாகிவிடும்.

தொண்டிக்கரை:
பூஜ்யம்னா பூஜ்யம்தான், இதில் படிக்க என்ன இருக்கிறது. சட்டம் இயற்றத்தான் அனுப்பினோம். சட்டம் எழுதவில்லை என்றால் அப்புறம் எதற்கு அங்கே உட்கார்ந்திருக்கிறார்? கல்யாண வீட்டில் தலை காட்டவும் உயர்கோபுர விளக்குக்கு ரிப்பன் வெட்டவும் கவுன்சிலர் போதும்.

பரமக்குடிவக்கீல்:
தொண்டி தம்பி, கோபம் சரி, ஆனால் அந்தக் கட்டத்தில் எண்ணுவது என்ன என்று தெரிந்துகொண்டு கோபப்படுவோம்.

அமைச்சராக இல்லாத எந்த எம்.பி. கொண்டுவந்தாலும், அவர் ஆளுங்கட்சியாகவே இருந்தாலும், அதற்குப் பெயர் தனிநபர் மசோதா. (அதனால்தான் அமைச்சர்களை அந்தத் தளத்தில் இப்படிக் கணக்கெடுப்பதே இல்லை.) ஒரு மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். மக்களவையில் வெள்ளிக்கிழமை கடைசி இரண்டரை மணி நேரம், பொதுவாக 3.30 முதல் 6 வரை, இதற்கென்று ஒதுக்கியது. அதிலும் ஒரு வெள்ளி மசோதாவுக்கு, அடுத்த வெள்ளி தீர்மானத்துக்கு. அந்த நேரத்தில் நேரலையைப் போட்டுப் பாருங்கள், பாதி நாற்காலி காலி, தொகுதிக்குத் திரும்புகிறவர்கள் விமான நிலையத்துக்குக் கிளம்பியிருப்பார்கள். தலைமை இருக்கையில் இருப்பவர் பெயரைக் கூப்பிடுவார், உறுப்பினர் எழுந்து அறிமுகப்படுத்த அனுமதி கோருகிறேன் என்பார், ஆதரிப்போர் ஆம் என்க, ஆம், ஆம், அறிமுகப்படுத்துகிறேன், உட்கார்ந்துவிடுவார். அடுத்த பெயர். ஒரே பிற்பகலில் டஜன் கணக்கில் இப்படிப் போகும். படத்தில் சிவப்பு வட்டம் போட்ட எண் இதைத்தான் எண்ணுகிறது.

அதற்கு அப்புறம்தான் விஷயமே. விவாதத்துக்கு வர வேண்டுமானால் குலுக்கலில் பெயர் விழ வேண்டும். விழுந்தாலும், பேசி முடிக்கச் சில வெள்ளிகள் ஆகும். கடைசியில் துறை அமைச்சர் எழுந்து உறுப்பினரின் அக்கறையைப் பாராட்டி, அரசு கவனத்தில் கொள்ளும், மசோதாவைத் திரும்பப் பெறுங்கள் என்பார். இவரும் பெற்றுக்கொள்வார். மக்களவை கலைந்தால் மிச்சம் கிடப்பது எல்லாம் காலாவதி. 1952-லிருந்து இரண்டு அவையிலும் நிறைவேறிச் சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14. கடைசியாக ஆனது 1970-ல், உச்ச நீதிமன்றத்தின் குற்றவியல் மேல்முறையீட்டு அதிகாரத்தை விரிவாக்கிய சட்டம். அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

தொண்டிக்கரை:
அப்போ இருபது போட்டவரும் பூஜ்யம் போட்டவரும் ஒன்று என்கிறீர்களா வக்கீல் சார்? அது எப்படி?

பரமக்குடிவக்கீல்:
ஒன்று என்று சொல்லவில்லை. எண்ணை வைத்துச் சொல்ல முடியாது என்கிறேன். இருபதில் பத்தொன்பது வேறு யாரோ எழுதிக் கொடுத்த ஒரு பக்கத் திருத்தமாக இருக்கலாம். ஒன்றே ஒன்று போட்டவர் அந்த ஒன்றை நாட்டையே பேச வைத்திருக்கலாம். 2015 டிசம்பரில் சசி தரூர், தன்பாலின உறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 377வது பிரிவைத் திருத்த ஒரு மசோதா கொண்டுவந்தார். நான் சொன்னேனே, ஆம் ஆம் என்று போய்விடும் அந்த அறிமுகம், அதையே ஓட்டுக்கு விட்டு 71க்கு 24 என்று தோற்கடித்தார்கள். அறிமுகமே ஆகாததால் எண்ணிக்கையில்கூட வராது. மூன்று வருடம் போகவில்லை, 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவின் பல்லைப் பிடுங்கிவிட்டது. இதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

நியூஜெர்சிகீழக்கரை:
இங்கே அமெரிக்காவில் கணக்கு இன்னும் வேடிக்கை. இங்கே ஒரு மசோதாவுக்கு முதல் பெயர் ஒருவர், அவர்தான் முன்மொழிபவர். அதற்குக் கீழே எத்தனை பேர் வேண்டுமானாலும் இணை முன்மொழிபவராகக் கையெழுத்துப் போடலாம். பிரதிநிதிகள் சபையில் 1967 வரை இந்த வழக்கமே கிடையாது, அந்த வருடம் 25 பேர் வரை போடலாம் என்று ஆரம்பித்து, 1970களின் கடைசியில் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு உறுப்பினர் பெயருக்கும் இரண்டு எண் இருக்கும்: தானே கொண்டுவந்தது, கூடச் சேர்ந்து கையெழுத்துப் போட்டது. இரண்டாவது எண் சர்வசாதாரணமாக நூற்றுக்கணக்கில் போகும். தேர்தல் வந்தால் "நான் அந்த மசோதாவில் இருக்கிறேன்" என்று அஞ்சலட்டை அடித்து வீட்டுக்கு வீடு அனுப்புவார்கள், படித்துப் பார்த்தால் அவர் செய்தது கையெழுத்து மட்டும்தான்.

ஆனால் அந்தக் கையெழுத்துக்கும் ஒரு பலன் உண்டு. 2019-லிருந்து ஒரு விதி, 290 பேர் சேர்ந்துவிட்டால் அந்த மசோதா குழுவிலேயே தூங்காமல் சபைக்கு வர ஒரு தனிப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். அப்புறம் யார் யாருடன் சேர்கிறார் என்பது முக்கியம். எதிர்க்கட்சிக்காரர் முதல் நாளே கூடச் சேர்ந்தால் மதிப்பே வேறு.

நம் ஊரில் இந்த ஏற்பாடு உண்டா வக்கீல் காக்கா?

பரமக்குடிவக்கீல்:
இந்தியாவில் மசோதாவுக்குப் பொறுப்பு உறுப்பினர் ஒருவர்தான். இணை முன்மொழிவு என்று கணக்கு வைப்பது கிடையாது. பிரிட்டனில் ஆதரவாளர் பெயர்களைப் பதினொன்று வரை சேர்க்கிறார்கள். இங்கே பின்னால் நிற்கிறவர் வெள்ளிக்கிழமை எழுந்து பேசினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதனால் நம் எம்.பி. யாரோடு சேர்ந்து எதற்கு நின்றார் என்பது அந்தப் படத்தில் எங்குமே தெரியாது, விவாதக் குறிப்பைத் தேடிப் படிக்க வேண்டும்.

பாசிக்காரி:
நான் கொஞ்சம் வேறு மாதிரிக் கேட்கிறேன். எங்கள் பக்கம் பெண்கள் பாசி எடுக்கப் போகிறோம். விரலில் துணி சுற்றிக்கொண்டு, காலுக்குத் தகரத் தட்டைக் கட்டிக்கொண்டு, கண்ணாடி மாட்டி மூச்சைப் பிடித்து முங்கி மரிக்கொழுந்தும் கட்டக்கோரையும் பிடுங்கி வருகிற தொழில். தீவுப் பக்கம் போனால் தடை, போகாவிட்டால் அடுப்பு எரியாது. ஒவ்வொரு தேர்தலிலும் வருகிறவர்கள் எல்லாரும் "நாடாளுமன்றத்தில் குரல் கொடுப்பேன்" என்றுதான் சொல்கிறார்கள். அதேபோல எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கடல் அட்டைத் தடை. வலையில் தானாக ஏறினாலும் கேஸ். எதிர்க்கரையில் அதே அட்டையைப் பண்ணை வைத்து வளர்த்து ஏற்றுமதி செய்கிறார்கள், இங்கே பையில் இருந்தால் ஜெயில். இதற்கெல்லாம் எம்.பி. ஒரு மசோதா போட்டால் நடக்குமா, நடக்காதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

பரமக்குடிவக்கீல்:
நேரான கேள்வி, பதிலும் நேராகச் சொல்கிறேன் அக்கா. அட்டைக்கு மசோதாவே தேவையில்லை. 2001-ல் கடல் அட்டையை வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலியும் யானையும் இருக்கிற அதே அட்டவணை. சேர்த்தது ஒன்றிய அரசின் அறிவிக்கையால். அந்தச் சட்டத்தின் 61வது பிரிவு அட்டவணையை மாற்றும் அதிகாரத்தை அரசுக்கே கொடுத்திருக்கிறது. எடுப்பதும் இடம் மாற்றுவதும் அறிவிக்கையாலேயே முடியும். ஆக எம்.பி. செய்ய வேண்டியது அமைச்சரை விடாமல் கேட்பது. எத்தனை வகை அட்டை, எந்த வகை நிஜமாகவே அழிகிறது, ஆய்வு கடைசியாக எப்போது நடந்தது, எல்லா வகைக்கும் ஒரே தடை ஏன். இப்படிக் கேட்டு எழுத்தில் பதில் வாங்கினால் அதை வைத்து நீதிமன்றம் வரை போகலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு அவையில் அமைச்சர் வாயால் பதில் சொல்கிற நட்சத்திரக் கேள்வி 20, எழுத்தில் மட்டும் பதில் வரும் கேள்வி 230 வரை எடுக்கிறார்கள். நமக்கு உபயோகம் அந்த 230-ல்.

பாசி விஷயம் வேறு. 1986-ல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் 21 தீவுகளும் வருகின்றன. அதற்குள் உங்களுக்கு என்ன உரிமை என்பதற்குச் சட்டத் திருத்தம் கேட்கலாம், அது மசோதாவுக்கு ஏற்ற விஷயம்தான், ஆனால் நீண்ட வழி.

இன்னொன்றையும் கவனியுங்கள். கரையை ஒட்டிய கடலில் மீன்பிடிப்பது மாநிலப் பட்டியல், 21வது இனம். ஆட்சிக்குட்பட்ட கடலுக்கு, அதாவது 12 கடல் மைலுக்கு அப்பால் போனால்தான் ஒன்றியப் பட்டியல், 57வது இனம். விசைப்படகு எந்த நாள் போகலாம், நாட்டுப்படகு எந்த நாள், எந்த மடி (இழுவலை) கூடாது, இதெல்லாம் தமிழ்நாட்டின் 1983 சட்டம். அதற்கு எம்.பி.யைத் திட்டிப் பிரயோசனம் இல்லை, எம்.எல்.ஏ.வைப் பிடிக்க வேண்டும்.

அப்புறம் பணம். அரசுப் பணம் செலவாகிற மசோதாவென்றால் அரசமைப்புச் சட்டத்தின் 117வது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் பரிந்துரை வேண்டும், அதாவது அரசு சம்மதிக்க வேண்டும். "மீனவர் நிவாரண நிதி மசோதா" என்று பெயர் வைத்து யாராவது கொண்டுவந்தால் தலைப்பைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம், பரிந்துரை கிடைத்ததா என்று முதலில் கேளுங்கள்.

தங்கல்தொழில்:
எல்லாரும் டெல்லியையே பார்த்துப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ராமேஸ்வரம் விசைப்படகுக்காரன் நான், எனக்குத் தெரிந்து நம் கரையை உலுக்கிய தனிநபர் மசோதா ஒன்றே ஒன்றுதான், அது டெல்லியில் வரவில்லை, கொழும்பில் வந்தது. யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா?

அப்போது யாழ்ப்பாணத்து எம்.பி.யாக இருந்த எம்.ஏ. சுமந்திரன், தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு. அமைச்சர் கிடையாது. இழுவை மடித் தொழிலையே இலங்கைக் கடலில் தடை செய்ய, அவர்களுடைய 1996 மீன்பிடிச் சட்டத்துக்கு ஒரு திருத்தத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார். 2017 ஜூலை 6 அன்று நிறைவேறியது. மீறினால் இரண்டு வருடம் வரை சிறை, 50,000 ரூபாய் அபராதம். எங்களுக்கு மட்டும் இல்லை, அங்கே உள்ளூரில் மடி இழுக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான். அது போதாதென்று 2018 ஜனவரியில் அரசே வெளிநாட்டுப் படகுச் சட்டத்தைத் திருத்தி, படகின் அளவைப் பொறுத்து அவர்கள் பணத்தில் 60 லட்சத்திலிருந்து 17.5 கோடி வரை அபராதம் என்று வைத்தது.

என் மாமா படகு பிடிபட்டபோது வழக்குத் தாளின் நகலைப் பார்த்தேன். தமிழில்தான் இருந்தது, படிக்க யாரும் தேவைப்படவில்லை. முதல் பத்தியில் படகின் எண், நீளம், இஞ்சின் குதிரைத்திறன். அடுத்த பத்தியில் மடி, கயிறு, பலகை என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார்கள். அதுக்கு முன்னால் எல்லை தாண்டினான் என்று ஒரே வரிதான் இருக்கும், இப்போது என்ன தொழில் செய்தான் என்பதும் குற்றம். ஆட்கள் வந்துவிட்டார்கள். படகு வரவில்லை, அங்கே ஒரு துறையில் கட்டிக் கிடந்து பலகை விட்டுப்போனது. கடன் மட்டும் இங்கே இருக்கிறது.

அந்த மசோதா வந்த நாளில் நம் பக்கத்து எம்.பி. பெயருக்கு எதிரே பூஜ்யமா பத்தா என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

பாம்பன்வத்தை:
அண்ணே, உங்கள் மாமாவுக்காக வருத்தம்தான். ஆனால் அந்த மசோதாவை நான் குறை சொல்ல மாட்டேன். நாங்கள் நாட்டுப்படகுக்காரர்கள். எங்கள் வலையை இரவில் அறுத்துக்கொண்டு போவது இலங்கைக் கடற்படை இல்லை, மடி. காலையில் போனால் மிதப்புக்கட்டை மட்டும் கிடக்கும். அங்கே இருக்கிற தமிழ் மீனவனுக்கும் அதே கதைதான், போர் முடிந்து கடலுக்கு வந்தவன் முதல் முதலில் கடன் வாங்கிப் போட்ட வலை. அவன் தன் எம்.பி.யிடம் போய் அழுதான், அவர் மசோதா போட்டார். எம்.பி. என்றால் அதைத்தானே செய்ய வேண்டும்?

தங்கல்தொழில்:
செய்யட்டும் தம்பி, வேண்டாம் என்று யார் சொன்னது. மடியை விட்டுவிட்டு எதற்குப் போவது என்று எங்களுக்கு ஒரு வழி காட்டிவிட்டுச் செய்யட்டும். அதுதான் நம் பக்கத்து எம்.பி. செய்ய வேண்டிய வேலை. அவர் மசோதாவுக்கு இவர் பதில் என்ன கொடுத்தார்?

மண்டபம்முகாம்:
பதில் வந்ததே அண்ணே, மசோதாவாக வரவில்லை அவ்வளவுதான். அதே மாதம், 2017 ஜூலை 27, கலாம் நினைவிடம் திறக்கப் பேக்கரும்புக்குப் பிரதமர் வந்தார் இல்லையா, அன்றைக்குத்தான் மடிப் படகைக் கொடுத்துவிட்டு ஆழ்கடல் தூண்டில் படகு வாங்கும் திட்டத்துக்கு அனுமதிக் கடிதம் கொடுத்தார்கள். படகு 80 லட்சம், அதில் ஒன்றிய அரசு 50 சதவீதம், மாநிலம் 20, வங்கிக் கடன் 20, நம் கையிலிருந்து 10. பாக் நீரிணை மாவட்டங்களில் 2,000 படகை மாற்றுவதாகப் பேச்சு.

தங்கல்தொழில்:
பேச்சு, ஆமாம். 80 லட்சத்தில் 10 சதவீதம் என்றால் 8 லட்சம், அதைக் கையில் வைத்திருக்கிறவன் எத்தனை பேர்? வங்கிக்காரர் அந்த 20-க்கு என்ன அடமானம் கேட்டார் என்று தெரியுமா? அப்புறம் ஆழ்கடல் தொழில் ஒரே நாளில் வந்துவிடுமா. விடியும்போது கரைக்கு வந்து பழகினவன் வாரக்கணக்கில் சூரை பிடிக்கக் கடலிலேயே கிடக்க வேண்டும். ஆள் கிடைக்கவில்லை. எத்தனை படகு நிஜமாக மாறியது, எத்தனை திரும்ப வந்து மடி மாட்டியது என்று கேட்டு வாங்கின எம்.பி. யார், அவரைச் சொல்லுங்கள், நான் மாலை போடுகிறேன்.

பரமக்குடிவக்கீல்:
தங்கல் அண்ணன் கேட்டது மசோதாவை விட முக்கியமான கேள்வி. இரண்டு கரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே தனிநபர் மசோதா ஜெயித்ததற்குக் காரணம் எண்ணிக்கை பலம் இல்லை, துறை அமைச்சகம் ஏற்றுக்கொண்டது, அரசுக்கும் அது வேண்டியிருந்தது. அது ஒரு தடைச் சட்டம், செலவு கிடையாது. நமக்குத் தேவைப்படுவது தடை இல்லை, மாற்றுத் தொழில். அதற்குப் பணம் வேண்டும், பணம் என்றால் 117வது பிரிவு, அதாவது எம்.பி. மசோதாவாக அதைக் கொண்டுவந்தாலும் அரசு சம்மதிக்காமல் நிறைவேறாது. அவர் செய்யக்கூடியது மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசுவது, நிலைக்குழுவில் குடைவது, கேள்வி. இதில் எதுவும் அந்தக் கடைசிக் கட்டத்தில் ஏறாது.

தொண்டிக்கரை:
அப்படியென்றால் தனிநபர் மசோதாவே வீண் வேலை, பேசாமல் அந்தக் கட்டத்தைத் தூக்கிவிடலாம் என்கிறீர்கள்.

ஓய்வுவாத்தியார்:
வீண் இல்லை தம்பி. அது விதை நெல் மாதிரி, போட்டவன் அறுக்க மாட்டான், அவ்வளவுதான். 1960களின் தொடக்கத்தில் மாநிலங்களவையில் பூபேஷ் குப்தா என்று ஒரு வங்காளத்துக் கம்யூனிஸ்ட், நம் மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். தமிழர் இல்லை, நம் ஓட்டு அவருக்குத் தேவையும் இல்லை. அப்போது மாநிலங்களவையில் இருந்த அண்ணா அதை ஆதரித்துப் பேசினார், பெயரை மாற்றி என்ன கிடைக்கப்போகிறது என்று கேட்டவர்களை அவர் மடக்கின மடக்கை இன்றைக்கும் மேடையில் சொல்கிறார்கள். மசோதா தோற்றது. 1967-ல் அண்ணாவே முதல்வராகி ஜூலையில் சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டார், அப்புறம் அரசு மசோதாவாக வந்து 1969 ஜனவரி 14-ல் நடைமுறைக்கு வந்தது. குப்தா பெயருக்கு எதிரே இன்றைய படத்தில் போட்டால் "கொண்டுவந்தது 1, நிறைவேறியது 0" என்று வரும். தமிழ்நாடு என்று எழுதுகிற ஒவ்வொரு உறையிலும் அந்தப் பூஜ்யம் இருக்கிறது.

திருச்சி சிவா கதை தெரியும்தானே. திருநர் உரிமை மசோதா, 2015 ஏப்ரல் 24, மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளுக்கு அப்புறம் ஒரு அவை நிறைவேற்றிய தனிநபர் மசோதா. அமைச்சர் வழக்கம்போலத் திரும்பப் பெறச் சொன்னார், அவர் பிடிவாதமாக மாட்டேன் என்று நின்றார். மக்களவையில் அதை எடுத்துச் செல்ல இன்னொருவர் வேண்டும் இல்லையா, ஒடிசாவைச் சேர்ந்த பைஜெயந்த் பாண்டா எடுத்தார், வேறு கட்சி. இணை முன்மொழிவு என்ற ஏட்டுக் கணக்கு இல்லாத ஊரில் இதுதான் இணை முன்மொழிவு. அங்கே நிறைவேறவில்லை. 2019-ல் அரசு தன் சட்டத்தைக் கொண்டுவந்தது. சிவாவின் மசோதாவில் இருந்த இடஒதுக்கீடு அதில் இல்லை, அது பலருக்கும் மனக்குறை. ஆனால் அந்த வெள்ளிக்கிழமை இல்லாமல் 2019 வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: குழந்தை மணத்தைத் தடுத்த 1929 சாரதா சட்டமே ஒரு தனி உறுப்பினர் கொண்டுவந்ததுதான், வெள்ளைக்காரன் காலத்து மத்திய சட்டசபையில்.

நியூஜெர்சிகீழக்கரை:
வாத்தியார் சார் சொன்னதுக்கு இங்கேயும் ஒரு உதாரணம். டிக்டாக்கை விற்றுவிடு இல்லையேல் மூடு என்று 2024-ல் வந்ததே ஒரு சட்டம், அதை முன்மொழிந்தவர் மைக் கல்லகர், குடியரசுக் கட்சி. முதல் நாளே கூட நின்ற இணை முன்மொழிபவர் ராஜா கிருஷ்ணமூர்த்தி, ஜனநாயகக் கட்சி, தமிழ்க் குடும்பத்துக்காரர். மார்ச் 13 அன்று சபையில் 352க்கு 65. ஆனால் அந்த எண்ணோடு அந்த மசோதா சட்டமாகவில்லை. வெளிநாட்டு உதவிக்கான பெரிய தொகுப்பு ஒன்றுக்குள் அதைச் சேர்த்து ஏப்ரல் 24-ல் கையெழுத்தானது. மசோதா எண்ணை வைத்து எண்ணுகிற இயந்திரத்துக்கு இருவரும் அதில் தோற்றவர்கள். ஊருக்கே தெரியும் சட்டம் யாருடையது என்று.

(அந்தச் சட்டம் நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள், என் மகள் இன்னும் என்னோடு சண்டை போடுகிறாள்.)

தொண்டிக்கரை:
சரி, எண்ணை விடுகிறேன். அப்போ எதைக் கேட்பது? சும்மா "நன்றாக வேலை செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டு வரவா?

மண்டபம்முகாம்:
நான் நினைப்பது இது. மசோதா போட்டிருந்தால் அதன் முழு வாசகத்தைக் கேட்போம், நாடாளுமன்றத் தளத்திலேயே இருக்கும், எடுத்துப் படிப்போம். பல மசோதாக்கள் இரண்டு மூன்று பக்கம்தான், கடைசியில் நோக்கமும் காரணமும் என்று ஒரு பகுதி இருக்கும், அதைப் படித்தாலே ஆள் கடலைப் பார்த்திருக்கிறாரா இல்லையா என்று தெரிந்துவிடும். குலுக்கலில் விழுந்ததா, விவாதத்துக்கு வந்ததா, அமைச்சர் என்ன சொன்னார், ஏன் திரும்பப் பெற்றார் என்று கேட்போம். போடவில்லை என்றால், எங்கள் விஷயத்துக்கு மசோதா சரியான வழியா என்று கேட்போம். தங்கல் அண்ணன் கேட்ட தூண்டில் படகுக் கணக்கு, பாசி அக்கா கேட்ட அட்டை, இரண்டும் கேள்வியாகப் போக வேண்டியவை. வர்ற கூட்டத்தொடரில் கேட்கச் சொல்லி எழுத்தில் கொடுப்போம்.

பாம்பன்வத்தை:
கேள்வியில் மடியால் அறுந்த வலைக்கு இழப்பீடு என்று ஒரு வரி சேருங்கள். விசைப்படகுக்காரர் கணக்கு மட்டும் போனால் நாங்கள் கையெழுத்துப் போட மாட்டோம்.

தங்கல்தொழில்:
சேர்த்துக்கொள் தம்பி. ஆனால் எல்லா மடியும் வலை அறுக்கிறது என்று எழுதாதே, இரட்டை மடி என்று எழுது. அது ஏற்கெனவே தடை.

பாம்பன்வத்தை:
ஒற்றை மடியும்தான் அறுக்கிறது.

தங்கல்தொழில்:
அதைக் கரையில் வைத்துப் பேசுவோம்.

பரமக்குடிவக்கீல்:
இன்னொரு வழியும் இருக்கிறது, யாரும் பயன்படுத்துவதில்லை. மக்களவைக்குப் பொதுமக்களே மனுக் கொடுக்கலாம், அதற்கென்று ஒரு மனுக்குழு இருக்கிறது. ஒரு எம்.பி. மேலொப்பமிட்டால் போதும், நம் தொகுதி எம்.பி.யாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கிற விஷயமாக இருக்கக் கூடாது, மாநிலத்தின் விஷயமாக இருக்கக் கூடாது. அட்டை இதற்குப் பொருந்தும். பாசியில் தேசியப் பூங்காப் பகுதி பொருந்தும், கரைப் பகுதி பொருந்தாது. மனுவைத் தமிழில் எழுதலாம், ஆனால் இந்தி அல்லது ஆங்கில மொழிபெயர்ப்பு கூடவே போக வேண்டும், அதிலும் மனுதாரர் கையெழுத்து இருக்க வேண்டும்.

பாசிக்காரி:
தமிழில் நானே எழுதுகிறேன், எங்கள் சங்கத்தில் வாசித்துக் காட்டிவிட்டுப் போடுகிறேன். அட்டையையும் பாசியையும் ஒரே மனுவில் போடலாமா, தனித்தனியா?

பரமக்குடிவக்கீல்:
தனித்தனி. ஒன்றில் தடை மாட்டிக்கொண்டால் மற்றதையும் சேர்த்து ஓரமாக வைத்துவிடுவார்கள். பாசியை முதலில் எழுதுங்கள் அக்கா, மொழிபெயர்ப்பை நான் பார்த்துக்கொள்கிறேன். விரலில் துணி சுற்றுவதையெல்லாம் எழுதுங்கள், விட்டுவிடாதீர்கள்.

தொண்டிக்கரை:
மேலொப்பத்துக்கு யாரிடம் போகப் போகிறோம்? பூஜ்யக்காரரிடமா, இருபதுக்காரரிடமா?

பாசிக்காரி:
முதலில் போனை எடுக்கிறவரிடம்.